செத்துப்போனவருக்கு மாதச் சந்தா

இதைப் பொறுமையாகச் சொல்ல என்னால் முடியாது. பொறுமைசாலிகள் வேறு யாருடைய அத்தையைப் பற்றியாவது சொல்லிக்கொள்ளட்டும். என் அத்தையின் சம்பளத்தில் கை வைத்தவர்களை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும். எரிந்துகொண்டேதான் சொல்வேன்.

அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில் வேலை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு அறை இருப்பதே தெரியாது. தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னல் இல்லாமல் நீளமாக இருக்கும். துவைத்துக் காய்ந்த விரிப்புகள் தள்ளுவண்டியில் சூடு ஆறாமல் வந்து இறங்கும். அத்தை ஒவ்வொன்றாக எடுத்து, கீழே விளக்கு எரிகிற கண்ணாடி மேஜையில் விரித்துப் பார்ப்பாள். கறை இருந்தால் ஒரு பக்கம், கிழிசல் இருந்தால் ஒரு பக்கம், நல்லது மட்டும் மடிப்புக்கு. எதிரில் ஒரு ஆள் நின்று இரண்டு முனையைப் பிடிக்க, இவள் இரண்டு முனையைப் பிடித்து ஒரு உதறு உதறுவாள். அந்தச் சத்தம் படிக்கட்டு வரை கேட்கும். ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் விரிப்பக்கா.

அவள் வாய் ரொம்பப் பெரிய வாய். திட்டினால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருக்கும், சிரித்தாலும் அதே அளவுக்குச் சிரிப்பாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாய்தளத்தில் வண்டியை ஏற்றும்போது சக்கரம் மாட்டிக்கொண்டு, கைப்பிடி திரும்பி வந்து முகத்தில் அடித்தது. மேல் வரிசையில் முன்பற்கள் இரண்டும் போய்விட்டன. பல்லுக்கென்று தனிப் பிரிவே இருக்கிற ஆஸ்பத்திரி அது. ஆனால் ஷிப்ட் முடிந்த பிறகு நடந்தது, அதனால் எங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஷிப்ட் முடிந்த பிறகு வண்டியை யார் தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவது என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

அதிலிருந்து அவள் பேசும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும். சிரிப்பு சுத்தமாக நின்றுபோனது. வேலையில் யாருடனும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கடைவாயில் மென்று, அவசரமாக எழுந்துவிடுவாள். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பல் டாக்டர், முன்பணம் கொஞ்சம் கட்டினால் வேலையை ஆரம்பித்துவிடுகிறேன், மீதியைப் பிறகு கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். நல்ல மனுஷர். அந்த முன்பணம்தான் அத்தைக்குச் சேரவே இல்லை. ஒவ்வொரு மாதமும் இதோ இந்த மாதம் என்பாள். ஒவ்வொரு மாதமும் எங்கேயோ இடிக்கும்.

எங்கே இடித்தது என்று கண்டுபிடித்தது நான். கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை, கடுப்புதான்.

அப்பாவும் அத்தையும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் நான் போவேன். இவர்கள் சண்டைக்கு நான் எதற்குச் சந்தா கட்ட வேண்டும்? ஒரு நாள் அவள் வீட்டு ஒற்றை அறையில் உட்கார்ந்து, அவள் பேங்க் வரவு செலவை என் போனில் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். மாதாமாதம் ஒரு தொகை கழிந்துகொண்டே வந்திருந்தது. கொஞ்சநஞ்சத் தொகை இல்லை.

"இது என்ன அத்தை?"

"அதுவா? பிடித்தம்." கை வாயில் இருந்தது. "விரிப்பு காணாமப் போனா எங்க சம்பளத்துல புடிப்பாங்க."

"ஆஸ்பத்திரியில புடிச்சா சம்பளம் வர்றதுக்கு முன்னாடியே புடிச்சிடுவாங்களே. இது வந்த பிறகு எவனோ எடுத்திருக்கான்."

அத்தை போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

துணி அறைக்காரர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு இது. அந்த அறையில் வேலை செய்கிறவர்களுக்குப் பிடித்தம் என்பது வெயில் மழை மாதிரி. வார்டில் விரிப்பு காணாமல் போகும், வீட்டுக்குப் போகிற நோயாளி சுருட்டிக்கொண்டு போவான், ஆம்புலன்ஸோடு ஒன்று போய்விடும். அவ்வளவும் கீழே இருக்கிறவர்கள் தலையில்தான் விழும். இது போதாதென்று அந்தத் தொகைக்கு நேரே இருந்த பெயர்ச் சுருக்கமும் என்னவோ ஆஸ்பத்திரிப் பிரிவின் பேர் மாதிரியே இருந்தது. அதனால் வருஷக்கணக்காக இவள், விரிப்பு தொலைகிறது, விரிப்பு தொலைகிறது என்று வார்டுகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாடி வார்டு ஆயா, சுருட்டை முடிக்காரி ஒருத்தியை, அத்தை திருடி என்றே சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் அழுதுகொண்டு மேற்பார்வையாளரிடம் போய், இவளுக்கு எச்சரிக்கை கூட வந்தது. எவனோ ஒருவன் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவதற்கு, இரண்டு ஏழைப் பொம்பளைகள் ஒருத்தி தலைமயிரை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள்.

அப்படி உறிஞ்சியது ஒரு கம்பெனி. அதன் பேரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு கட்டணம் போடுவான். பெரியவர்களைப் போனிலேயே பார்த்துக்கொள்கிற கம்பெனி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் ஒரு நர்ஸ் போன் பண்ணிப் பிரஷர் எவ்வளவு, மாத்திரை போட்டீர்களா, தூக்கம் வருகிறதா என்று கேட்பாள். வேண்டுமென்றால் டாக்டரிடம் இணைப்பாள். அவ்வளவுதான் சேவை.

தாத்தா படுத்திருந்த காலத்தில் எடுத்தது அந்தத் திட்டம். தாத்தா அத்தை வீட்டில்தான் இருந்தார். அத்தை வேலைக்குப் போகும் முன் அவரைத் துடைத்து, துணி மாற்றி, வாயில் ஊட்டிவிட்டுப் போவாள். வேலை முடிந்து வந்து மறுபடியும் அதே வேலை. ஆஸ்பத்திரி விரிப்பு முடிந்தால் வீட்டு விரிப்பு. அப்பா வாரத்துக்கு ஒரு முறை வந்து கட்டிலுக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்பார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொள்கிற ரகம். அப்படி ஒரு நாள் அவர் உட்கார்ந்திருந்தபோதுதான் டை கட்டிய ஒரு பையன் வந்து, முதல் மாதம் இலவசம், பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்று தேன் ஒழுகப் பேசினான். நர்ஸ் கூப்பிடத் தாத்தாவின் நம்பரைக் குறித்துக்கொண்டு, திட்டத்தில் பதிய இன்னொரு நம்பர் கேட்டான். அத்தை சொல்ல வாயெடுத்தபோது அப்பா தடுத்தார். "பொம்பளை நம்பரை எதுக்குக் கண்டவங்களுக்கும் குடுக்கணும், என் நம்பரைப் போட்டுக்கப்பா." பேங்க் விவரம் கேட்டபோது மட்டும் அவர் ஜன்னலைப் பார்த்தார். அத்தை தன் கார்டை எடுத்துக் கொடுத்தாள். நம்பர் கொடுத்தது அப்பா, காசு கொடுத்தது அத்தை. எங்கள் வீட்டில் பொதுவாகவே அப்படித்தான்.

கொஞ்ச நாளில் தாத்தா போய்விட்டார். அடக்கம் முடிந்து வீடு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தபோது, யாரோ ஒரு பெரியப்பா, "மகன் குறையில்லாமப் பாத்துக்கிட்டான்" என்று அப்பாவின் முதுகைத் தட்டினார். அப்பா தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொண்டார். இல்லை, தங்கச்சிதான் பார்த்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தை அடுக்களையிலிருந்து வந்து, அத்தனை பேர் முன்னாலும், "பெத்த அப்பனுக்கு நீ என்னடா செஞ்சே?" என்று கேட்டாள். அப்பா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே போனார். அதோடு பேச்சு நின்றது. அந்த அமளியில் தாத்தாவின் திட்டம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? கம்பெனிக்கு மட்டும் இருந்தது.

"செத்தவருக்கா நான் காசு கட்டிட்டு இருக்கேன்?" என்றாள் அத்தை. முதலில் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பிக்கை வந்ததும், நான் காது பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

சரி, நிறுத்திவிடலாம், இதென்ன பெரிய விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன். சேரும்போது ஒரு கையெழுத்து, ஒரு சிரிப்பு. விலகப் போனால்தான் தெரிகிறது. போன் பண்ணினால் ஒரு மெஷின், "உங்கள் தேவையைச் சொல்லுங்கள்" என்றது. அத்தை கையை எடுத்துவிட்டு, "நிறுத்தணும்" என்றாள். பல் இல்லாத இடத்தில் காற்று போனது. "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது மெஷின். அவள் மறுபடியும் சொன்னாள். மறுபடியும் புரியவில்லை. திட்டினாள். அதுவும் புரியவில்லை. நான் வாங்கிச் சொன்னேன். எனக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது. எனக்கும் புரியவில்லை என்றுதான் சொன்னது.

அவர்கள் ஆப்பை என் போனில் இறக்கினேன். தொடர்வதற்குக் கட்டை விரல் தடிமனில் பச்சைப் பட்டன். நிறுத்துவதற்கு, மூன்று பக்கம் உள்ளே போய், அடியில், வெள்ளையில் சாம்பல் எழுத்து. அதைத் தொட்டால் ஒரு கிழவர் தனியாகக் கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கிற படம். அதன் கீழே, 'உங்கள் தந்தையைக் கைவிடப் போகிறீர்களா?' என்று கேள்வி. இரண்டே பதில்தான். ஒன்று, 'இல்லை, தொடர்கிறேன்.' இன்னொன்று, 'ஆம், என் தந்தையின் நலனில் எனக்கு அக்கறை இல்லை.'

நான் வாசித்துக் காட்டினேன். அத்தை என் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை அமுக்கணுமா?"

"அமுக்கினாத்தான் அடுத்தது போகும்."

"நான் அமுக்க மாட்டேன்."

"சும்மா ஒரு பட்டன் அத்தை."

"எவன்டி எழுதினான் இதை? அவன் அப்பனுக்கு அவன் ஒரு நாள் மூத்திரத்துணி மாத்தியிருப்பானா? எனக்கு அக்கறை இல்லையாம். என்னை வெச்சே சொல்ல வைக்கிறான் பாரு." கை வாயை விட்டு இறங்கிவிட்டது. "நீயும் அமுக்காத. வெச்சிடு."

அவள் தண்ணீர் குடிக்க எழுந்த நேரம் நான் அமுக்கினேன். அத்தைக்கு அக்கறை இல்லை என்று உலகத்துக்கு அறிவித்தேன். அதற்கும் பலன் இல்லை. 'உறுதி செய்ய, பதிவு செய்யப்பட்ட எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்பியுள்ளோம்' என்று வந்தது. பதிவு செய்யப்பட்ட எண் அப்பாவுடையது. எண்ணை மாற்றவும் அதே எண்ணுக்குத்தான் குறியீடு போகுமாம். பூட்டுக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டியிருந்தான் புண்ணியவான்.

பேங்குக்குப் போனோம். அவர்கள் எழுதி வாங்கிக்கொண்டு அந்தப் பேரில் வருவதை நிறுத்தினார்கள். அடுத்த மாதம் வேறொரு பேரில் வந்து எடுத்துக்கொண்டான். மறுபடி போனோம். கவுன்டரில் இருந்தவர், "நாங்க வெளியில இருந்து கதவை மூடலாம்மா, அவங்ககிட்டயே சொல்லி முடிச்சாத்தான் முழுசா முடியும்" என்றார். கடைசியில் எப்படியோ ஒரு மனுஷக் குரல் கிடைத்தது. அது சொன்ன விதி இதுதான்: பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிட வேண்டும், பணம் கட்டுகிறவர் அதே நேரம் லைனில் வந்து பேச வேண்டும். அதாவது அப்பாவின் போனும் அத்தையின் வாயும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

"அவன் வீட்டு வாசலை நான் மிதிக்க மாட்டேன்" என்றாள் அத்தை. "எனக்குப் பல்லே வேணாம்."

நானே அப்பாவிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவனிடம் போய் என் சார்பில் கை நீட்டினால் உன் முகத்திலும் முழிக்க மாட்டேன் என்றாள். உடும்புப்பிடி. அண்ணன் தங்கை இரண்டு பேரும் ஒரே அச்சு. எனக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வந்தது. அத்தை சுவரைப் பார்த்துச் சாப்பிடுவதும் தொடர்ந்தது.

அவளை அசைத்தது கம்பெனியேதான். அடுத்த மாதம் எடுத்த தொகை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. நான் போன் பண்ணி, மெஷினைத் தாண்டி, பாட்டைத் தாண்டி, ஒரு பையனைப் பிடித்து ஏன் என்று கேட்டேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அத்தை பக்கத்தில் இருந்தாள்.

"பயனாளிக்கு வயசு கூடிடுச்சு மேடம். அடுத்த வயசுப் பிரிவுக்குப் போயிட்டார். அதனால கட்டணம் மாறும்."

"அவர் செத்துட்டார்ப்பா. செத்தவருக்கு எப்படி வயசு கூடும்?"

"எங்க ரெக்கார்டுல அப்படி இல்ல மேடம்."

அத்தை எழுந்து தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். "எந்திரி," என்றாள் என்னிடம். "உங்கப்பன் வீட்லதானே இருப்பான்?"

இருந்தார். விடுமுறை நாள். அப்பா கூடத்தில் தரையில் உட்கார்ந்து டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தார். அத்தை வாசலில் நின்றதைப் பார்த்தார். ஸ்க்ரூவைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார். அம்மா பதறி எழுந்து, "வாங்க, வாங்க, உள்ள வாங்க," என்று அத்தையின் கையைப் பிடித்தாள். அத்தை வாயை முந்தானையால் மூடிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பாகிட்ட போனைக் கேளு," என்றாள் என்னிடம்.

"போன் எதுக்குன்னு கேளு," என்றார் அப்பா, ஃபேனிடம்.

"தாத்தா திட்டத்தை நிறுத்தணும்னு சொல்லு."

அப்பாவின் கை நின்றது. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தரையில் தள்ளிவிட்டார். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு நடுவில் என்னை வைத்துத் தபால் போடுகிற இந்த இரண்டு பேரையும் சேர்த்து ஒரு விரிப்பில் சுருட்டிக் கட்டலாம் போல இருந்தது. நான் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரை அமுக்கி மேஜை மேல் வைத்தேன். மெஷின் பேசியது. பிறகு பாட்டு. உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. பிறகு அதே பாட்டு. மூன்று பெரிய மனுஷர்களும் ஒரு சின்னப் போனைச் சுற்றி உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டோம். அம்மா டீ போடுகிறேன் என்று தப்பித்துப் போய்விட்டாள்.

பாட்டு நடுவே அப்பா திடீரென்று நேராகவே பேசினார்.

"ஏன், இன்னும் கொஞ்ச வருஷம் கட்டேன். குத்தினது போதும்னு ஆயிடுச்சா?"

அத்தை என்னைப் பார்த்தாள். "என்ன உளர்றான்னு கேளு."

அப்பா போனை எடுத்து, பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே செய்திகளைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரலால் தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் ஒரே செய்தி. 'உங்கள் தந்தைக்கான இந்த மாதக் கட்டணம் கிடைத்தது. தந்தையைக் கைவிடாத பிள்ளைக்கு எங்கள் நன்றி.' மாதாமாதம். ஒன்றைக்கூட அவர் அழிக்கவில்லை. எல்லாவற்றையும் படித்திருந்தார்.

"அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடியும் கேட்டியே, பெத்த அப்பனுக்கு என்ன செஞ்சேன்னு. அதோட விட்டியா?" அப்பா விரலால் இன்னும் தள்ளிக்கொண்டே போனார். "செத்த பிறகும் மாசாமாசம் கட்டி, அது என் போனுக்கே வர்ற மாதிரி வெச்சு, நீ செய்யல, நான் செய்யறேன், நீ செய்யல, நான் செய்யறேன்னு... ஒவ்வொரு மாசமும் இது வர்ற அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது. எவ்ளோ வன்மம் இருந்தா இப்படிக் காசு கட்டி ஒருத்தனைக் குத்துவா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. மெஷின் அனுப்பிய ரசீதை இந்த மனுஷர் தங்கை அனுப்பிய ஏச்சு என்று எடுத்துக்கொண்டு, மூன்று வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார். ஆறப் போகிற சண்டையை ஒவ்வொரு மாதமும் எவனோ ஊதிவிட்டிருக்கிறான். ஊதிவிடுகிறோம் என்பது அவனுக்கே தெரியாது. அதற்குக் கூலி அத்தையின் சம்பளம்.

அத்தையின் கையிலிருந்து முந்தானை நழுவியது.

"நானா?" என்றாள். "நான் குத்தணும்னா நேர்ல வந்து குத்துவேன்டா. எனக்கு நடுவுல கம்பெனி வேணுமா? செத்தவருக்கு எவளாவது காசு கட்டுவாளா? பிடித்தம்னு நெனச்சு ஊரெல்லாம் சண்டை போட்டுட்டு இருந்தேன், நீ இங்க உக்காந்து ஒவ்வொண்ணாப் படிச்சிட்டு இருந்தியா? ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, ஏன் கட்டறேன்னு கேட்டியா?"

"நான் ஏன் கேக்கணும்? என்னை வெளிய அனுப்பினவ நீ."

"வணக்கம்," என்றது போன். பாட்டு நின்று, ஒரு பெண் குரல் வந்திருந்தது. "பயனாளி இப்போ எப்படி இருக்கார்?"

நான் வாய் திறப்பதற்குள் அப்பா போனின் பக்கம் குனிந்தார்.

"இறந்துட்டார்மா," என்றார். "எங்கப்பா இறந்துட்டார்."

"வருத்தமா இருக்கு சார். நீங்க விலக வேண்டாம், பயனாளி பேரை மாத்திக்கலாம். முதல் மூணு மாசம் பாதிக் கட்டணம். வீட்ல வேற பெரியவங்க இருக்காங்களா? உங்க வயசு என்ன சார்?"

அத்தை போனை மேஜையிலிருந்து பிடுங்கினாள். "நான்தான் காசு கட்டறவ. நிறுத்து. எங்கப்பன் செத்தாச்சு, எங்கண்ணன் இன்னும் சாகல, நிறுத்து."

பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். "அம்மா, மூணு சலுகை சொல்லி முடிக்காம எங்களை நிறுத்த விட மாட்டாங்க. ஒண்ணு சொல்லிட்டேன். மீதி ரெண்டையும் வேகமா வாசிச்சிடறேன். வேணாம், வேணாம்னு மட்டும் சொல்லுங்க."

அவள் வாசித்தாள். அத்தை வேணாம், வேணாம் என்றாள். குறியீடு அப்பாவின் போனுக்கு வந்தது, அப்பா ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார், அத்தை தன் கார்டின் கடைசி எண்களைச் சொன்னாள். பிழைப்புக்காகக் கேவலமான வரிகளை வாசிக்கிற அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எழுதிக் கொடுத்தவன் கிடைத்தால் ஒரு கை பார்ப்பேன்.

"இத்தனை வருஷம் எடுத்த காசு?" என்று நான் கேட்டேன்.

"அது வராது மேடம். சேவை கொடுத்தாச்சுன்னு இருக்கு. நர்ஸ் வாராவாரம் பயனாளி நம்பருக்குக் கூப்பிட்டிருக்காங்க. அவர்தான் எடுக்கல."

இதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அவள் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டாள். கூடவே அப்பாவின் போனில், 'உங்கள் திட்டம் நிறுத்தப்பட்டது' என்று வந்தது. அவ்வளவுதான். இதற்குத்தான் இத்தனை நாள்.

அத்தை எழுந்தாள். எதிரில் தரையில் உட்கார்ந்திருந்த அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சண்டையில் மூட மறந்த வாய் இன்னும் மூடாமல் இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"பல்லு," என்றார். "பல்லு எப்ப போச்சு உனக்கு?"

அத்தை வாயை மூடிக்கொள்ளவில்லை.

"ஏன்," என்றாள், "அதுக்கு மெசேஜ் வரலையா?"

அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அத்தை படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டாள்.